வெஸ்லியின் மூன்றாஞ் சொல்

தமிழ் கற்பிப்போரிடையே ஒரு வழக்கம் உண்டு. அறத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு நாழிகை பேசுவர். இன்பத்தைப் பற்றிக் கேட்டால் அகத்திணையை எடுத்து இரண்டு நாழிகை பேசுவர். பொருளைப் பற்றிக் கேட்டாலோ, அஃது அரசர்க்கு உரியதென்று ஒரே வசனத்திற் சொல்லி ஏட்டை மூடிவிடுவர். திருவள்ளுவரோ தமது 133 அதிகாரங்களுள் 70 அதிகாரங்களைப் பொருட்பாலுக்கே வகுத்தார். ஒரு குடும்பத்தவன் தன் மாதச் சம்பளத்தை எங்ஙனம் பகுத்துச் செலவிடவேண்டும் என்னுங் கேள்வி இலக்கியத்துக்குப் புறம்பானதன்று. ஒழுக்கத்துக்குப் புறம்பானது ஒருபோதும் அன்று.

கிறிஸ்தவ சமயத்தைக் குறித்தும் இத்தகைய பிழையெண்ணம் ஒன்று உலவுகின்றது. இயேசுநாதர் செல்வத்தை வெறுக்கச் சொன்னார். ஆகவே விசுவாசத்துக்கும் வரவுசெலவுக் கணக்குக்கும் தொடர்பில்லை என்பது அவ்வெண்ணம். சுவிசேஷங்களைப் படித்தவர் இதனை ஒப்பார். அவர் சொன்ன உவமைக் கதைகளிற் பல, பணத்தையே பொருளாகக் கொண்டவை. கோபுரங் கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடாதவன் நகைப்புக்கிடமான கதை, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாக்க எண்ணிய செல்வனிடம் அன்றிரவே உயிர் கேட்கப்பட்ட கதை, எசமான் கொடுத்த தாலந்தை மண்ணிற் புதைத்த வேலைக்காரன் கதை ஆகிய யாவும் கணக்கறிந்தார்க்குச் சொல்லப்பட்ட கதைகளே.

இவ்வரிசையில் வரும் கதையொன்றை எடுத்து, சாதாரண மனிதன் தன் பணத்தை ஆளுதற்குரிய ஒழுங்கினை வகுத்தவர், 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்து மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லி. யான் சைவன். ஆயினும் வெஸ்லியின் பெயர் நமக்கு அயலானதன்று. அவர் வழிவந்த போதகர்கள் 1814இல் இலங்கைக்கு வந்து, அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்திலும் பணி தொடங்கினர். அவர்களுடைய பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராயமர்ந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிபுரிந்த ஆறுமுக நாவலர், 1848இல் அச்சம்பளப் பதவியைத் துறந்து சைவப்பணிக்கென வெளியேறினார். சமயக் கொள்கையில் அவர் அவர்களோடு உடன்பட்டாரல்லர். ஆயினும் அவர்களிடத்துக் கற்றற்குரியதைக் கற்கப் பின்னின்றாருமல்லர். அம்மரபை நினைவிற் கொண்டே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

வெஸ்லி கடனின் கொடுமையைக் குழந்தைப் பருவத்திலேயே சூழக் கண்டவர். அவர் தந்தையார் சாமுவேல் வெஸ்லி ஒரு கிராமத்துக் குருவானவர். செய்யுள் இயற்றுவதில் நாட்டமுடையவர். பெரிய குடும்பத்துக்குத் தலைவர். 1705இல், கொடுக்கவேண்டிய கடனைக் கொடுக்க இயலாமையால், அவர் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அப்பொழுது மகனுக்கு வயது இரண்டு. கவி பாடியவர் கடனாளியான கதை நம் புலவர் உலகுக்குப் புதிதன்று. அத்தந்தையின் மகன் பணத்தைக் கையாள்வதிற் கண்டிப்பு மிக்கவராய் வளர்ந்ததே ஈண்டு நோக்கத்தக்கது.

ஒக்ஸ்போர்டில் இருந்த இளமைக்காலத்தைப் பற்றி அவர் தரும் கணக்கு, அவர் கொள்கை முழுவதையும் நான்கு வரியில் அடக்கி நிற்கின்றது. முதலாண்டில் வருமானம் 30 பவுண். 28 பவுணில் வாழ்ந்து 2 பவுணை ஏழைகட்கு ஈந்தார். இரண்டாமாண்டில் வருமானம் 60 பவுண். அப்பொழுதும் 28 பவுணிலேயே வாழ்ந்து 32 பவுணை ஈந்தார். மூன்றாமாண்டில் 90 பவுண், ஈந்தது 62. நான்காமாண்டில் 120 பவுண், ஈந்தது 92. இக்கணக்கை 'ஒருவர்' என்று படர்க்கையில் வைத்தே அவர் சொல்லுகின்றார். எனினும் அவ்வொருவர் அவரேயென்பது வரலாற்றாசிரியர் பலரது துணிபு.

வரவு உயர்ந்தால் செலவையும் உடன் உயர்த்தி, எஞ்சியதில் தருமஞ் செய்வது உலகநடை. எஞ்சுவது பெரும்பாலும் ஒன்றுமில்லையாதலின், தருமமும் ஒன்றுமில்லையாகும். வெஸ்லி இதனைத் தலைகீழாக்கினார். வேலியைச் செலவுக்கு இட்டார், ஈகைக்கு இட்டாரல்லர். வளர்ச்சி முழுவதும் ஈகைக்கே சென்றது. வருவாய் சிறிதாயிருப்பது கேடன்று, செலவு அதனை மிஞ்சாதிருப்பின் என்னுங் கருத்தை வலியறிதல் அதிகாரத்திற் கற்பிக்கும் நமக்கு, இவ்வேலியின் முதற்பாதி பழக்கமானதே. வேலிக்கு அப்பாற் பெருகும் நீர் எவ்வயலுக்குப் பாயவேண்டுமென்பதே வெஸ்லி சேர்த்துச் சொன்ன இரண்டாம் பாதி.

1760இல் அச்சான 'பணத்தின் உபயோகம்' என்னும் அவர் பிரசங்கம், லூக்கா சுவிசேஷத்தின் 16ஆம் அதிகாரத்திலுள்ள உக்கிராணக்காரன் கதையை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் விவிலியத்தார் இச்சொல்லைத் தெரிந்தெடுத்தமை பாராட்டத்தக்கது. உக்கிராணம் என்பது பண்டசாலை. அதன் திறப்புக்கோவையை இடுப்பிற் செருகியிருப்பவன் உக்கிராணக்காரன். உள்ளேயிருக்கும் நெல் அவனுடையதன்று. ஆயினும் அளந்து கொடுப்பவன் அவனே. கணக்குக் கேட்கப்படுபவனும் அவனே. தன் சட்டைப்பையிலுள்ள காசைத் தன்னுடையதென்று எண்ணாது, ஒப்படைக்கப்பட்டதென்று எண்ணுபவன் எவனோ அவனே கிறிஸ்தவப் பொருளாட்சிக்கு உரியவன். இந்நினைவு ஒன்றே அப்பிரசங்கத்தின் உயிர்நிலை.

இந்நிலையிலிருந்து மூன்று ஏவல்களை வெஸ்லி வகுக்கின்றார். ஈட்டுதல் ஒன்று, வீண்செலவின்றிக் காத்தல் ஒன்று, ஈதல் ஒன்று. மூன்றையும் இயன்ற முழு அளவிற் செய்யவேண்டுமென்பது அவர் துணிவு. இறைமாட்சி அதிகாரத்திலே வள்ளுவர் அரசனுக்கு உரைத்த தொழில்கள் இங்கு நினைவுக்கு வரும். பொருள் வரும் வழிகளை உண்டாக்கல், தொகுத்தல், பேணல், பகுத்துச் செலவிடல் என்பன அவை. அங்கு அரசனுக்குச் சொல்லப்பட்ட ஒழுங்கை இங்கு நிலக்கரி வெட்டுவோனுக்கும் நெசவாளனுக்கும் வெஸ்லி சொன்னார். ஏழையையும் தன் சிறு பண்டசாலைக்குப் பொறுப்புடையவனாக மதித்தமை இதன் சிறப்பு.

ஈட்டுதலுக்கு அவர் வைத்த நிபந்தனைகள் கடியன. உடம்பைக் கெடுக்கும் உழைப்பால் ஈட்டலாகாது; மனத்தைக் கெடுக்கும் பொய்யாலும் வஞ்சனையாலும் ஈட்டலாகாது; அயலானைக் கெடுத்தும் ஈட்டலாகாது. போட்டியாளனை ஒழிக்கும்பொருட்டுச் சந்தை விலைக்குக் கீழே விற்றல், அயலான் வேலையாளை ஆசைகாட்டி இழுத்தல், மதுவிற்றல், நோயை வேண்டுமென்றே நீட்டிப் பணங் கறக்கும் வைத்தியம் ஆகியவற்றை அவர் பெயர் சொல்லி விலக்கினார். பாடசாலையிற் சொல்லவேண்டியதைச் சொல்லாது மறைத்து, மாலை வகுப்பிற் காசுக்குச் சொல்லும் ஆசிரியன் அவர் காலத்தில் இருந்திருப்பின், இப்பட்டியலில் அவனும் இடம்பெற்றிருப்பான் என்றே நம்புகின்றேன்.

இரண்டாஞ் சொல்லாகிய காத்தலைப் பலர் பிழைபடக் கொள்வர். வங்கியிலே குவித்தலை அவர் கருதினாரல்லர். நாவின் ருசிக்கும், கண்ணின் பகட்டுக்கும், பிறர் மெச்சுதற்கும் செல்லுங் காசைத் தடுத்தலே காத்தல். அங்ஙனந் தடுத்த காசு எங்கே செல்வது? அதற்கு விடை மூன்றாஞ் சொல். முதலிற் தனக்கும் தன் வீட்டார்க்கும் வேண்டியன. மிச்சமிருப்பின் சபையைச் சேர்ந்த ஏழைகட்கு. அதன் மேலும் மிச்சமிருப்பின் எல்லா மனிதர்க்கும். குடும்பத்தைப் பட்டினி போட்டுக் காணிக்கையிட அவர் சொல்லவில்லை என்பதை ஊன்றி நோக்குக. செலவொன்றிற் சந்தேகம் தோன்றினால் தன்னைத்தானே வினவுதற்கு நான்கு வினாக்களையும் அவர் தந்தார். இதிலே நான் உடைமையாளனாக நடக்கின்றேனா, உக்கிராணக்காரனாக நடக்கின்றேனா? இது வேதத்துக்கு அமைவானதா? இச்செலவைக் கடவுளுக்குப் படைக்கும் பலியாகக் கூச்சமின்றி வைக்கமுடியுமா? மறுமையில் இதற்கு நற்பயன் உண்டென்று நம்பமுடியுமா? மூன்றாவது வினாவை நம் திருமண மண்டபங்களின் வாயிலிலே நின்று கேட்டுப்பார்த்தால், அதன் கூர்மை விளங்கும்.

ஈகை என்பது கையில் இட்டுவிட்டு அகலுவதாக மட்டும் அவர்க்குத் தோன்றவில்லை. 1746இல் இலண்டனிலே அவர் வீடுவீடாகச் சென்று 50 பவுண் திரட்டி, இரண்டு பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார். செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் அவர்கள் அமர்ந்திருந்து, வேண்டியவர்க்கு 20 ஷில்லிங் வரை கடன் கொடுத்தனர். மூன்று மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும். அச்சிறு தொகையைக் கொண்டே ஓராண்டில் 250 பேர் உதவி பெற்றனர். அதே பணம் போய்ப்போய்த் திரும்பி வந்தமையாலேயே இது கைகூடிற்று. பிற்காலத்தில் ஒருவர்க்குக் கொடுக்குந் தொகை 5 பவுணாக உயர்ந்தது.

அவ்வைந்து பவுணைப் பெற்றவருள் ஒருவர் ஜேம்ஸ் லாக்கிங்டன். சப்பாத்துத் தைக்குந் தொழிலாளியாயிருந்த அவர், 1774இல் இலண்டனிற் சிறு புத்தகக் கடை திறந்தார். கையிலிருந்த சரக்கு மிகச் சொற்பம். மூன்று மாதத் தவணையில், வட்டியின்றிப் பெற்ற அக்கடனைக் கொண்டு மேலும் புத்தகம் வாங்கி விற்றார். பின்னர்க் கடனுக்கு விற்பதை நிறுத்தி, கைக்காசுக்கே குறைந்த விலையில் விற்று, ஆண்டுக்கு ஓரிலக்கம் புத்தகம் விற்பதாகச் சொல்லுமளவுக்கு உயர்ந்தார். ஏழைகள் கையிலே புத்தகம் சேர்ந்ததற்கு அவரும் ஒரு காரணர். அவர் இடையில் மெதடிஸ்தரைவிட்டு விலகி, 1791இல் வெளியிட்ட தம் வரலாற்றில் அவர்களை எள்ளவுஞ் செய்தார்; கடன் பெற்றதையும் அதே நூலில் மறையாது சொன்னார். கொடுத்த கடன் அவர் நாவைக் கட்டவில்லை. கொடுப்பவன் வாங்குபவனுடைய மனச்சாட்சியையும் சேர்த்து வாங்காதிருத்தல், ஈகையின் இலக்கணங்களுள் ஒன்றென்க.

இதனைப் படிக்கும்போது நம் வட மாகாணத்துப் பெண்களின் நிலையை எண்ணாதிருக்க இயலாது. 2009இற் போர் முடிந்தபின், கடன் கொடுக்குங் கம்பனிகள் கிராமந்தோறும் வந்தன. நுண்நிதிக் கடன் என்பது அதன் பெயர். வாரந்தோறும் வீட்டுவாயிலில் வந்து நின்று தண்டினர். ஒரு கடனை அடைக்க வேறொரு கடன் பெற்ற பெண்கள் பலர். 2018இல் அரசு, வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓரிலக்கம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்யுந் திட்டமொன்றை அறிவிக்குமளவுக்கு அத்துன்பம் முற்றிற்று. அக்கிராமங்களிற் கோயில்களும் இருந்தன, தேவாலயங்களும் இருந்தன. இலண்டனிலே செவ்வாய்க்கிழமைக் காலையில் இருவர் அமர்ந்து செய்த வேலையை, நம் திருச்சபைகளும் திருக்கோயில்களும் தத்தம் மண்டபத்தின் ஒரு மூலையிற் செய்தலாகாதா? ஆயிரக்கணக்கில் மின்விளக்குக்குச் செலவிடுமிடத்தில், நேர்மையான இரண்டு கணக்குப்பிள்ளைகளும் ஒரு மேசையும் கிடைக்காமற்போகா.

வெஸ்லியின் கொள்கைக்கு நேர்ந்த விபத்தையும் இங்குச் சொல்லவேண்டும். அவர் சொற்கேட்டவர்கள் உழைத்தனர், சிக்கனமாய் வாழ்ந்தனர், ஆகவே செல்வரானார்கள். செல்வரானபின் மூன்றாஞ் சொல்லை மறந்தார்கள். 1789இற் செய்த பிரசங்கமொன்றில் அம்முதியவர் இதனை எண்ணி மனம் வெதும்புகின்றார். முதலேவலைக் கைக்கொள்வோர் பலர். இரண்டாவதைக் கைக்கொள்வோர் சிலர். மூன்றாவதைக் கைக்கொள்வோர் ஐம்பதினாயிரம் மெதடிஸ்தருள் ஐந்நூற்றுவரேனும் உளரோ என்பது அவர் ஐயம். சமயப்பற்று உழைப்பையும் சிக்கனத்தையும் தரும், அவை செல்வத்தைத் தரும், செல்வம் அச்சமயப்பற்றையே அரித்துவிடும் என்னும் அவருடைய கவலையை, 1904, 1905ஆம் ஆண்டுகளில் ஜேர்மனிய அறிஞர் மாக்ஸ் வெபர் தமது புகழ்பெற்ற ஆராய்ச்சியில் எடுத்துக்காட்டினார்.

இன்று வேறொரு வகையாலும் மூன்றாஞ் சொல் கெடுகின்றது. காணிக்கையைக் கொடுத்தாற் பன்மடங்காகத் திரும்பி வருமென்று சில மேடைகளிற் போதிக்கப்படுகின்றது. கொடுப்பது விதைப்பாம், செல்வம் அறுவடையாம். இதனை ஈகையென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. திரும்பப் பெறும் நோக்கோடு கொடுப்பது வணிகம். நம் மரபிலும் மறுமைப்பயனை விலையாகக் கருதி அறஞ்செய்வோனை அறவிலை வாணிகன் என்றே சான்றோர் இகழ்ந்தனர். அன்றியும், அம்மேடைகளின் முன்னே நகையை அடைவு வைத்துக் காணிக்கையிடுவோர் பெரும்பாலும் கடனாளிகள். கடன்பட்டவன் கையிலிருக்குங் காசு கடன் கொடுத்தவனுடையது. அதைக் காணிக்கைப் பெட்டியில் இடுவது பிறன்பொருளைத் தானஞ் செய்வதாகும். 1743இல் வெஸ்லி தம் சங்கத்தார்க்கு வகுத்த பொதுவிதிகளிலே, திருப்பிக் கொடுக்கும் வழியின்றிக் கடன் வாங்குதல் விலக்கப்பட்டிருத்தலை இப்போதகர்கள் படித்தல் நன்று. ஏழை விதவை இரண்டு காசு இட்ட கதையை அவர்கள் அடிக்கடி எடுத்தாளுகின்றனர். அவளுடைய காசு கடன் வாங்கிய காசென்று சுவிசேஷம் சொல்லவில்லை. அவளுக்கு இலாபம் வந்ததென்றும் சொல்லவில்லை.

வெஸ்லியை மறுப்பாரும் உளர். அவர்க்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. 28 பவுணில் வாழ்தல் ஒற்றையாளுக்கு எளிது. பெண்மக்களை வைத்திருப்பவன் என்செய்வான் என்று கேட்பர். நியாயமான கேள்வியே. விலைவாசி நிலையாயிருந்தாலன்றோ செலவுக்கு வேலியிடலாம் என்றுங் கேட்பர். இதுவும் நியாயமே. 2022 ஏப்பிரலில் நம் நாடே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதாக அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதமாயிற்று. முந்திய ஆண்டின் கணக்குப்படி எவரும் அன்று வாழ்ந்திருக்க முடியாது. ஆகவே 28 என்ற எண்ணை நாம் பின்பற்றவேண்டியதில்லை. வேலியை எண்ணுக்கு இடாது தேவைக்கு இடுக. அரிசி விலை ஏறினால் வேலி அகலலாம். அயல்வீட்டார் மாடி கட்டினார்கள் என்பதற்காக அகலலாகாது. பிள்ளைகளைப் பொறுத்தவரையிலும் அவர் கருத்து வன்மையானதன்று. அவர்கள் பழகிய வாழ்வுக்குக் குறைவராமல் வைத்துச் செல்லவே சொன்னார்; பகட்டுக்கு வைத்துச் செல்வதையே தடுத்தார். சீதனத்துக்கென்று தந்தை முப்பதாண்டு கடன் சுமப்பது பிள்ளைப்பாசத்தாலா, ஊரார் வாய்க்கு அஞ்சியா என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

வெஸ்லியின் சொல்லுக்கு மதிப்புத் தருவது அவர் வாழ்வு. மலிவு விலையில் ஏழைகட்கென வெளியிட்ட சிறு நூல்கள் எதிர்பாராவண்ணம் விற்று, அவரைச் செல்வராக்கின. அச்செல்வம் அவரிடத்துத் தங்கவில்லை. 1776இல் வரியதிகாரிகள், அவர் வெள்ளிப் பாத்திரங்களைக் கணக்கிற் காட்டவில்லையென ஐயுற்றுக் கடிதம் எழுதினர். இலண்டனில் இரண்டு, பிறிஸ்டலில் இரண்டாக நான்கு வெள்ளிக் கரண்டிகளே தம்மிடம் உள்ளன என்றும், சுற்றிலும் பலர் உணவின்றியிருக்க மேலும் வாங்குவதாயில்லை என்றும் அவர் விடையெழுதினார். 1785 ஜனவரியில், தமது 81ஆம் வயதில், ஏழைகளின் உடைக்காக இலண்டன் வீதிகளில் ஐந்து நாள் நடந்து 200 பவுண் இரந்து பெற்றார். உருகும் பனி கணுக்கால் வரை நின்ற காலம் அது. 1790 ஜூலையில், கை நடுங்க, நெடுங்காலம் தாம் எழுதிவந்த கணக்குப் புத்தகத்தை மூடினார். இயன்றதைக் காத்தும் உள்ளதை ஈந்தும் வருகின்றோமென்ற மனத்தெளிவு போதுமென்பது அவர் அதிற் குறித்த காரணம். மறுவருடம் இறந்தார். தம்மைச் சுமந்து செல்லும் ஏழைகள் அறுவர்க்கு ஆளுக்கொரு பவுண் கொடுக்கும்படி மரணசாதனத்தில் எழுதியிருந்தார்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணாக்கர்க்கும் யான் விண்ணப்பிப்பது இதுவே. ஒரு கொப்பியை எடுத்து மூன்று நிரல் இடுங்கள். முதல் நிரலில் வந்தது. இரண்டாம் நிரலிற் செலவானது. மூன்றாம் நிரலில் ஈந்தது. சம்பளம் உயரும் மாதத்திலே இரண்டாம் நிரல் எவ்வளவு நீண்டது, மூன்றாம் நிரல் எவ்வளவு நீண்டது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் உள்ளவர்கள் முதலில் அதைத் தீருங்கள். அதுவரை மூன்றாம் நிரலில் ஒரு பிடி அரிசி நின்றாலும் குறைவில்லை. நம் தாய்மார், சைவரும் கிறிஸ்தவருமாகிய இருதிறத்தாரும், உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் இட்டுவைத்தனர். சமைத்து உண்டு மிஞ்சியதை அவர்கள் இடவில்லை. உண்ணுமுன்னரே எடுத்து வைத்தனர். வெஸ்லி ஆங்கிலத்தில் எழுதிய கணக்கும் அப்பிடியரிசியும் ஒன்றே.